ஜிம்மிக்குத் தமிழ் தெரியாது

போன செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்கு மாட்டு டாக்டர் வந்தாரு.

எங்க வீட்ல மாடு கிடையாது.

மாடு, எருமை, ஆடு, கோழி... எதுவும் கிடையாது. இருந்தது ஒரே ஒரு நாய். பேரு ஜிம்மி. வயசு பதினாலு. ஜாதி? பாதி பொமரேனியன், மீதி கேள்விக்குறி. டாக்டர் அதுக்கு வைத்தியம் பார்க்க வரல. வைத்தியம் எல்லாம் முடிஞ்சு போச்சு. ஊசி போட்டு அனுப்பி வைக்கத்தான் வந்தாரு. நாங்களேதான் கூப்பிட்டோம். அதுவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் இல்ல... எங்க முன் ரூம்ல, அது தினம் படுக்கிற கோணிச்சாக்கு மேலயே.

"ஒரு நாய்க்கா இவ்ளோ?"ன்னு பக்கத்தைப் புரட்டப் போறவங்க ஒரு நிமிஷம் இருங்க. நான் ஒப்பாரி வைக்கப் போறதில்ல. அன்னிக்கு ஒரு விஷயம் நடந்துச்சு. ஒரு வாரமா என் மண்டையைக் குடையுது. உங்ககிட்ட கொட்டிட்டா எனக்குத் தூக்கம் வரும். அவ்ளோதான்.

முதல்ல ஜிம்மி வந்த கதை.

தாம்பரம் ரயில்வே காலனில டெரிக் அங்கிள்னு ஒருத்தர் இருந்தாரு. ஆங்கிலோ இந்தியன். எலெக்ட்ரிக் ட்ரெயின் டிரைவர். அப்பாவும் அவரும் ஒரே சர்ச். அவர் இங்கிலீஷ் ஆராதனை முடிச்சு வெளிய வருவாரு, அப்பா தமிழ் ஆராதனைக்கு உள்ள போவாரு. நடுவுல கேட்டாண்ட அஞ்சு நிமிஷப் பேச்சு. அதுதான் ஃப்ரெண்ட்ஷிப்.

அங்கிள் குடும்பத்தோட ஆஸ்திரேலியா கிளம்பினாரு. கட்டில் பீரோவெல்லாம் வித்தாச்சு. நாயை விக்க மனசில்ல, கப்பல்ல கொண்டு போகவும் வழியில்ல. அப்போ ஜிம்மிக்கு ஒரு வயசு, எனக்கு ஒன்பது. கயித்தை அப்பா கைல குடுத்துட்டு அங்கிள் சொன்னாராம்: "ஒண்ணே ஒண்ணு, மேன். இவனுக்குத் தமிழ் வராது. ஒன்லி இங்கிலீஷ்."

முடிஞ்சுது கதை. எங்கப்பா ஒரு ஆபீஸ்ல ஹெட் கிளார்க். மேலேருந்து வர்ற இன்ஸ்ட்ரக்‌ஷனை மீறி அவருக்குப் பழக்கமில்ல. அன்னிலேருந்து எங்க வீட்ல ஒரு சட்டம் — ஜிம்மிகிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும்.

பேசினோம். நான் கான்வென்ட், எனக்குப் பிரச்சினை இல்ல. அம்மா எட்டாங்கிளாஸ், தமிழ் மீடியம். அவங்களுக்கு "ஈட்டு", "கோ", "நோ". மூணே வார்த்தை. பால்காரர் "நோ பைட்டு, நோ பைட்டு"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள வருவாரு. போஸ்ட்மேன் "குட் மார்னிங் ஜிம்மி சார்"னு சல்யூட் வெச்சுட்டு லெட்டரைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடுவாரு.

ஆனா அப்பா இங்கிலீஷ்தான் கிளாஸ். அவருக்குத் தெரிஞ்சது ஆபீஸ் லெட்டர் இங்கிலீஷ் ஒண்ணுதான். அதை அப்படியே நாய்கிட்ட எடுத்து விடுவாரு.

"ஜிம்மி, கைண்ட்லி சிட்."

"ஜிம்மி, வாட் இஸ் த ரீசன் ஃபார் த டிலே?"

ஒருநாள் அப்பாவோட செருப்பைக் கடிச்சு வெச்சிருச்சு. அப்பா அதை முன்னாடி நிக்க வெச்சு, ரொம்ப சீரியஸா, "திஸ் இஸ் த செகண்ட் ரிமைண்டர்"னாரு. சத்தியமா. ஜிம்மி தலையைத் தொங்கப் போட்டுக்கிச்சு. மெமோ வாங்கின கிளார்க் மாதிரியே.

காலேஜ்ல என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஒரு டயலாக் விடுவேன்: எங்கப்பா கடவுள்கிட்ட தமிழ் பேசுவாரு, நாய்கிட்ட இங்கிலீஷ் பேசுவாரு, எங்ககிட்ட... பேசறதே இல்ல. செம கைத்தட்டல் கிடைக்கும். பொய்யும் இல்ல. காலைல எட்டே கால் வண்டியைப் பிடிச்சா, சாயங்காலம் ஆறே முக்காலுக்கு கேட் கிரீச்சுங்கும். ஜிம்மி குரைக்கும். "ஜிம்மி, தட் வில் டூ"ன்னு ஒரு குரல். அப்பா வந்தாச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் வீட்ல அவர் பேசற மொத்தப் பேச்சுல முக்கால்வாசி ஜிம்மிகிட்டதான்.

இங்க ஒரு சந்தேகம் கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. நாய்கிட்ட மட்டும் ஏன் நாம எல்லாருமே இங்கிலீஷ் பேசறோம்? எங்க வீட்ல டெரிக் அங்கிள் சொன்னாருன்னு ஒரு சாக்கு இருக்கு. உங்க வீட்ல? பக்கத்துத் தெருவுல அக்மார்க் தெரு நாய் ஒண்ணு. பேரு மணி. அதோட பரம்பரைலயே தாம்பரத்தைத் தாண்டினவன் கிடையாது. அதையும் "மணி, கம் ஹியர்"னுதான் கூப்பிடறாங்க. மாட்டை "ஹை ஹை"ங்கறோம், கோழியை "பா பா"ங்கறோம், காக்காவைக் கூட "கா கா"ன்னு அதோட பாஷையிலயே கூப்பிடறோம். நாய்னு வந்தா மட்டும் "சிட்", "கேட்ச்", "ஷேக் ஹேண்ட்".

என் தியரி இது. அதிகாரம் பண்ணணும்னா நமக்கு இங்கிலீஷ் தேவைப்படுது. துரை நமக்கு ஆர்டர் போட்டான். துரை போயிட்டான். ஆர்டர் மிச்சம் இருக்கு. யார்கிட்டயாவது போட்டாகணுமே... நாய் மாட்டுச்சு.

இந்தத் தியரியை வெச்சுக்கங்க. கடைசில தேவைப்படும்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஜிம்மியோட வயித்துல ஒரு கட்டி. ரிக்‌ஷாவுல வெச்சு கவர்ன்மென்ட் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்தாரு. "வயசாயிடுச்சு. ஆபரேஷன் தாங்காது. மாத்திரை தரேன், இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்"னாரு. ஒரு மாசம் ஓடுச்சு. அப்புறம் பின்னங்கால் ரெண்டும் போச்சு. போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமைலேருந்து சோறு இல்ல. தண்ணி மட்டும் அம்மா பஞ்சுல நனைச்சு வாய்ல பிழிவாங்க. புரட்டிப் படுக்க வெச்சா ஒரு சத்தம் போடும் பாருங்க. அது குரைப்பும் இல்ல, ஊளையும் இல்ல. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை சைக்கிளை எடுத்துக்கிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்னாடி சேலையூர், மேடவாக்கம் பக்கத்து மாடுங்க வரிசை. எருமைக்குப் பின்னாடி நின்னேன். கம்பவுண்டர் மாணிக்கம் வந்தாரு. இரும்புலியூர் ஆளு. காக்கி அரை டிராயர், வாய்ல வெத்தலை. யாரைப் பார்த்தாலும் ஒரு கிண்டல்.

"இன்னாமா, எருமை உன்னுதா?"

"இல்லீங்க. நாய்."

"நாயி எங்க?"

"வீட்ல."

"வூட்ல கீற நாய்க்கு இங்க க்யூல நிக்கிறியே, நல்லா கீதே." அப்படியே திரும்பி எருமையோட முதுகுல ஒரு தட்டு தட்டி, "வர்ட்டா?"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

இந்த 'வர்ட்டா' அவருக்கு புல் ஸ்டாப் மாதிரி. மனுஷன், மாடு, எல்லார்கிட்டயும் அதைச் சொல்லாம நகர மாட்டாரு. மருந்து எடுக்க அடுத்த ரூமுக்குப் போறதுக்குக் கூட "வர்ட்டா?"

டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். காலேஜ் படிச்ச திமிருல, நேராவே கேட்டேன். "வீட்டுக்கு வந்து ஊசி போட்டு முடிச்சுடுவீங்களா, டாக்டர்?"

கையைத் துடைச்சுக்கிட்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. கோபம் இல்ல. ஆச்சரியம்.

"வீட்ல வெச்சா? இது வரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா."

"அப்போ எல்லாரும் என்ன பண்ணுவாங்க?"

"தானா போகட்டும்னு விட்டுடுவாங்க. இல்லன்னா சாக்குல போட்டு வண்டலூர் தாண்டி எங்கயாவது விட்டுட்டு வந்துடுவாங்க. வந்து என்கிட்ட, 'காணாம போயிடுச்சு டாக்டர்'னு சொல்லுவாங்க. நானும் 'அப்படியா'ன்னு கேட்டுப்பேன்."

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "வரேன். ஆனா ஓனர் கைப்பட ஒரு லெட்டர் வேணும். ஒரு தடவை, பையன் வந்து சொன்னான்னு ஒரு நாய்க்குச் செஞ்சேன். சாயங்காலம் அப்பாக்காரர் வந்து 'யாரைக் கேட்டுச் செஞ்சே'ன்னு சட்டையைப் பிடிச்சுட்டாரு. நாய் லைசென்ஸ் யார் பேர்ல?"

"அப்பா பேர்ல."

"அப்போ அப்பா லெட்டர்."

நான் ஜாலியா சைக்கிளை மிதிச்சேன். லெட்டர்தானே? எங்கப்பாவுக்கு லெட்டர் எழுதறது தண்ணி குடிக்கிற மாதிரி. முனிசிபாலிட்டிக்கு, மின்சார ஆபீசுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு... தெருவுல யாருக்கு இங்கிலீஷ்ல லெட்டர் வேணும்னாலும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. பத்து நிமிஷ வேலை.

அஞ்சு நாள் ஆச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே மேஜைக்கு முன்னாடி உட்கார்ந்தாரு. பேனாவுல இங்க் ஊத்தினாரு. எழுதினாரு. கிழிச்சாரு. அவர் குளிக்கப் போனப்போ குப்பைக் கூடையைக் கிளறினேன். (தப்புதான். பத்திரிகைக்கு எழுதறவளுக்கு அந்தப் புத்தி வந்துடுது.)

முதல் டிராஃப்ட் ஆபீஸ் ஃபைல் மாதிரியே இருந்துச்சு. மேல நடுவுல, கோடு போட்டு:

சப்ஜெக்ட்: டாக் — ஜிம்மி — டிஸ்போஸல் ஆஃப் — ரிகார்டிங்.

ஆபீஸ்ல உடைஞ்ச நாற்காலி, பழைய டைப்ரைட்டரை எல்லாம் ஏலத்துல தள்ளும்போது எழுதற வார்த்தை அந்த டிஸ்போஸல். அது மேல பேனாவை அழுத்தி அழுத்தி அடிச்சிருந்தாரு. பேப்பரே கிழிஞ்சிருந்துச்சு.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டாரு. "கருணைக் கொலைன்னு தமிழ்ல சொல்றாங்களேம்மா. கருணை சரி. கொலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"புட் டு ஸ்லீப்னு எழுதுங்கப்பா."

"தூக்கம் இல்லையே அது. பொய்யா எழுதறது?"

சனிக்கிழமை ரெண்டு டிராஃப்ட். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து ஒண்ணு. உள்ள ஜிம்மி அந்தச் சத்தத்தைப் போடும், அப்பா பேனாவை மூடுவாரு. எனக்கு ஏறுச்சு பாருங்க கோபம்... "நாய் அங்க துடிக்குது, நீங்க இங்க கிராமர் பார்த்துக்கிட்டிருக்கீங்களே"ன்னு கத்திட்டேன். அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

அம்மா என்னை சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போனாங்க. "விடுடி. அவர் கிராமர் பார்க்கல. எழுதி முடிச்சா நடந்துடும்னு அவருக்குத் தெரியும்."

அது எனக்குத் தோணவே இல்ல. எம்.ஏ. படிக்கிறேன்... தோணல. அவர் கைல இருக்கறது பேனா இல்ல, ஊசின்னு அம்மாவுக்குத்தான் தெரிஞ்சுது.

திங்கக்கிழமை காலைல அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்போது ஜிம்மி தலையைத் தூக்கப் பார்த்துச்சு. தினம் கேட் வரைக்கும் கூடப் போற பழக்கம். தலை தூக்க வரல. முன்னங்காலால தரையை மட்டும் ரெண்டு தடவை பிராண்டுச்சு. அப்பா பையைக் கீழ வெச்சாரு. எட்டே கால் வண்டி போற சத்தம் கேட்டுச்சு. அவர் ஏறாம அந்த வண்டி போனதை நான் அன்னிக்குத்தான் கேட்டேன். நின்ன இடத்துலயே ஒரு பேப்பர்ல எழுதி என் கைல குடுத்தாரு. ரெண்டே வரி.

"ப்ளீஸ் கம். ஹி இஸ் இன் பெயின்."

கீழ கையெழுத்து. சப்ஜெக்ட் இல்ல. கைண்ட்லி இல்ல. நாயைப் பத்தி எழுதும்போது 'இட்'டுன்னு எழுதணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரே அவர்தான். அந்த 'இட்'டும் இல்ல. 'ஹி'.

செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு டாக்டரோட ஸ்கூட்டர் வந்துச்சு. பின்னாடி மருந்துப் பெட்டியை மடில வெச்சுக்கிட்டு மாணிக்கம். கேட் கிரீச்சுன்னுச்சு. உள்ளேருந்து 'வ்'னு பாதிக் குரைப்பு. அவ்ளோதான் அதால முடிஞ்சுது.

"நாய்க்கு டாக்டரு வூட்டுக்கே வராரு. எனக்கு ஜுரம் வந்தா நா நடந்து போறேன்." மாணிக்கம் செருப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னாரு. யாரும் சிரிக்கல. அவரும் அதுக்கு மேல பேசல.

டாக்டர் சாக்கு பக்கத்துல குத்துக்காலிட்டு உட்கார்ந்தாரு. ஜிம்மி வயித்தைத் தொட்டுப் பார்த்தாரு. எங்களைப் பார்த்து லேசா தலையை ஆட்டினாரு. "சரியான முடிவுதான். ரெண்டு ஊசி. முதல் ஊசி மயக்கத்துக்கு. பத்து நிமிஷம் ஆகும். ரெண்டாவது ஊசி போட்டா ஒரு நிமிஷம்தான். வலி தெரியாது."

என் வாய் சும்மா இருக்குமா? "டாக்டர், அதுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"இன்னிக்கு என்ன நடக்கப் போகுதுன்னு."

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்மா. உங்க வாசனை தெரியும். உங்க குரல் தெரியும். நீங்க பயந்தா அது பயப்படும். அதுக்கு மேல எனக்கும் தெரியாது. இருபது வருஷமா பார்க்கறேன்... தெரியாது."

முதல் ஊசி போட்டாச்சு. ஜிம்மி ஒரு தடவை உதறுச்சு. பத்து நிமிஷத்துல கண்ணு பாதி சொருகுச்சு.

"ஓனர் யாரு? சார், நீங்க இப்படி வாங்க. தலையை மடில வெச்சுக்கங்க. பேசிக்கிட்டே இருங்க. பழகின குரல் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். மயக்கத்துலயும் காது கேக்கும். நிறுத்தாதீங்க."

அப்பா உட்கார்ந்தாரு. பேன்ட் போட்டுக்கிட்டுத் தரைல உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததே இல்ல. தலையை எடுத்து மடில வெச்சுக்கிட்டாரு. தொண்டையைக் கனைச்சாரு.

"ஜிம்மி."

அப்புறம்?

"குட் பாய்."

அப்புறம்?

நான் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். மனுஷன் தேடறாரு. பதிமூணு வருஷமா அவர்கிட்ட இருந்த நாய் இங்கிலீஷை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கறாரு. சிட். அது படுத்திருக்கு. கம். எங்க வரும்? கோ. அது திட்டற வார்த்தை. ஷேக் ஹேண்ட்... எதுவும் பொருந்தல. கட்டளை இருக்கு, மெமோ இருக்கு, ரிமைண்டர் இருக்கு. வழியனுப்ப ஒரு வார்த்தை இல்ல.

டாக்டர் முன்னங்கால்ல நரம்பைத் தேடினாரு. ஜிம்மி மயக்கத்துலயே காலை இழுத்துக்கிச்சு. அப்பா வாய்லேருந்து தன்னால வந்துச்சு.

"ஸ்டே."

கால் நின்னுச்சு. அந்த நிலைமையிலயும் கேட்டுக்கிச்சு பாருங்க.

"ஸ்டே, ஜிம்மி. ஸ்டே..."

மூணாவது தடவை சொல்ல வந்தவர் பாதில நின்னுட்டாரு. தான் என்ன சொல்றோம்னு அப்பதான் அவர் காதுல விழுந்திருக்கு. இரு, இருன்னு சொல்லிக்கிட்டே அனுப்பறதா? டாக்டர் ஊசியைப் பின்னாடி எடுத்துட்டாரு.

"சார். வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. மயக்கம் தெளிஞ்சுடும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு. சத்தியமா சொல்றேன், 'வேணாம்'னு சொல்லிடுவாருன்னுதான் நினைச்சேன். சொன்னா? திரும்ப அந்தச் சத்தம். திரும்ப பஞ்சுல தண்ணி. இன்னும் எத்தனை நாள்?

மாணிக்கம்தான் பேசினாரு. மெதுவா. அந்த ஆளுக்கு மெதுவா பேச வரும்னு எனக்குத் தெரியாது.

"சார், இன்னாத்துக்கு இங்கிலீஷு? நம்ம பாஷைல சொல்லு சார்."

அப்பா நிமிர்ந்து பார்த்தாரு. குழந்தை மாதிரி, ரொம்ப நேர்மையா சொன்னாரு. "அதுக்குத் தமிழ் தெரியாதுப்பா."

"தெரியும்."

அம்மா. அடுப்படிக் கதவாண்ட நின்னுக்கிட்டிருந்தாங்க. கைல அந்தப் பஞ்சு.

"என்ன தெரியும்?"

"தமிழ் தெரியும்." அம்மா தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. திருடி மாட்டிக்கிட்ட மாதிரி. "எட்டே காலுக்கு நீங்க போயிடறீங்க. இவ ஸ்கூலு, அப்புறம் காலேஜு. நாள் பூரா இந்த வீட்ல நான் யார்கிட்ட பேசினேன்னு நினைச்சீங்க? ஈட்டு, கோ, நோ... இந்த மூணை வெச்சுக்கிட்டு பதிமூணு வருஷம் ஓட்ட முடியுமா?"

நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். எங்க வீட்ல, எங்க மூக்குக்குக் கீழ, ஒரு நாய் ரெண்டு பாஷை வெச்சுக்கிட்டு இருந்திருக்கு. பகல்ல ஒண்ணு, ஆறே முக்காலுக்கு மேல இன்னொண்ணு.

அம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. குனிஞ்சு அது காதுல சொன்னாங்க. "ஜிம்மிக் கண்ணு... அப்பா இருக்காரு பாரு. அப்பாவைப் பாரு."

சொருகியிருந்த கண்ணு மெதுவா மேல போச்சு. அப்பா முகத்துல நின்னுச்சு. சாக்கு மேல வாலோட நுனி ஒரு தடவை தட்டுச்சு. தப். அப்புறம் இன்னொரு தடவை.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும்? நாய்க்குத் தமிழ் தெரியும்ங்கறது ஒரு அதிர்ச்சி. அந்தத் தமிழ்ல தனக்கு 'அப்பா'ன்னு ஒரு பேர் இருந்திருக்குங்கறது இன்னொரு அதிர்ச்சி. எது பெரிசுன்னு நான் கேட்கல.

"டேய்..."னாரு.

பதிமூணு வருஷத்துல முதல் 'டேய்'.

"உனக்குத் தெரியுமாடா? ஏன்டா சொல்லல? நான் பாட்டுக்கு என்னென்னமோ உளறிக்கிட்டு இருந்திருக்கேனேடா. உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

அப்புறம் நிறுத்தவே இல்ல. டாக்டர் கேட்டது அதுதானே... நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்கணும். பேசினாரு. செருப்புக்காக ஒருநாள் மழைல வெளிய கட்டிப் போட்டாராம், அது தப்புதான்னாரு. டெரிக் அங்கிள் முதல் ரெண்டு வருஷம் ஏர் லெட்டர்ல உன்னைத்தான் முதல்ல விசாரிப்பாருன்னாரு. சாயங்காலம் ஸ்டேஷன்லேருந்து நடந்து வரும்போது, ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்ல முடியாததை எல்லாம் மனசுல எழுதிக்கிட்டே வருவேன், வந்து உன்கிட்டதான் சொல்லுவேன், அதுக்கு இங்கிலீஷ்தான் சௌகரியம்டா, இவங்களுக்குப் புரியாதுல்ல, அதான்... ன்னாரு.

(அம்மாவுக்குப் புரியாது, சரி. எனக்குப் புரியாதா? ஆனா நான் எப்பவாவது காது குடுத்தேனா? காமெடின்னு நினைச்சு காலேஜ்ல போய் நடிச்சுக் காட்டினேன். கைத்தட்டல் வாங்கினேன். இதை இங்க அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டு ஓடிடறேன்.)

அப்பா டாக்டரை நிமிர்ந்து பார்த்தாரு. தலையை மட்டும் ஆட்டினாரு.

டாக்டர் ஊசியைப் போட்டாரு. இந்தத் தடவை கால் இழுக்கல.

"வலியெல்லாம் அவ்ளோதான்டா"ன்னாரு அப்பா. காது மடலைத் தடவிக்கிட்டே. "பயப்படாத. போயிட்டு வா. என்ன? போயிட்டு வா."

டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டாரு. கொஞ்ச நேரம் கேட்டாரு. குழாயைக் கழுத்துல போட்டுக்கிட்டாரு. அவர் சொல்லவே வேண்டியிருக்கல.

'போயிட்டு வா.' யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ்ல 'கோ'ன்னா போ. துரத்தற சொல். 'ஸ்டே'ன்னா இரு. அன்னிக்கு அது பொய். நம்ம ஊர்ல கடைக்குப் போனாலும் கப்பல் ஏறினாலும் யாரும் யாரையும் 'போ'ன்னு அனுப்பறதில்ல. போறதோட ஒரு 'வா'வையும் சேர்த்துக் கட்டித்தான் அனுப்பறோம். திரும்பி வராதுன்னு தெரிஞ்சாலும். என் தியரி ஞாபகம் இருக்கா? அதிகாரத்துக்கு இங்கிலீஷ் பிடிச்சோம், ஒத்துக்கறேன். ஆனா அதிகாரம் எல்லாம் தீர்ந்து போற ஒரு நிமிஷம் வரும்போல. அப்போ கைல மிச்சம் இருக்கறது அம்மா ரகசியமா பேசின பாஷைதான்.

கொல்லைல கொய்யா மரத்தடில காலைலயே நானும் அப்பாவும் குழி வெட்டி வெச்சிருந்தோம். ஆழம் பத்தலன்னு மாணிக்கம் மண்வெட்டியைப் பிடுங்கி இன்னும் ஒரு அடி வெட்டினாரு. யாரும் அவரைக் கேட்கல. சாக்கோட இறக்கினது அவரும் அப்பாவும். மண்ணு போட்டு முடிஞ்சதும் அப்பா ஜெபம் பண்ணுவாரோன்னு பார்த்தேன். பண்ணல. கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு, அவ்ளோதான். அவருக்கும் கடவுளுக்கும் நடுவுல என்ன பேச்சோ, எந்த பாஷையோ.

டாக்டர் கிணத்தடில கை கால் கழுவினாரு. அம்மா காப்பி வேணுமான்னு கேட்கல. அதை நான் அப்புறம்தான் கவனிச்சேன். எங்க வீட்டுக்கு வந்த யாரையும் காப்பி கேட்காம அம்மா விட்டதே இல்ல. டாக்டரும் எதிர்பார்க்கல. அப்பாவோட தோள்ல ஒரு தடவை கையை வெச்சாரு. பேசாம கேட்டைப் பார்த்து நடந்தாரு.

மாணிக்கம் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கிட்டாரு. எங்க மூணு பேரையும் பார்த்தாரு. பழக்கதோஷம், வாய் தன்னால திறந்துச்சு.

"வர்..."

டக்குனு மூடிக்கிட்டாரு.

உங்களுக்கு நான் சொல்லணுமா? சாவு வீட்லேருந்து கிளம்பும்போது 'வரேன்'னு சொல்லக் கூடாது. இந்துவோ கிறிஸ்தவனோ, தாம்பரத்துல எல்லா வீட்லயும் அதுதான் வழக்கம். சொல்லாம கொள்ளாம எழுந்து போகணும். எருமைகிட்ட கூட 'வர்ட்டா' சொல்ற மனுஷன், எங்க வீட்ல அதைப் பாதியோட முழுங்கினாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. ஸ்கூட்டரைக் கூட தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணாங்க.

கேட்டைப் பார்த்துக்கிட்டே அப்பாகிட்ட கேட்டேன். "அவர் இப்போ சொல்லாம போனாரே... அதை இங்கிலீஷ்ல எப்படிப்பா சொல்றது?"

அப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு. ஹெட் கிளார்க் இல்லையா.

"அதுக்கு இங்கிலீஷ் இல்லம்மா"ன்னாரு.